வலிக்காத நோயை வீட்டில் கவனிப்பது எப்படி? சர்க்கரை நோய்க்கு ஒரு முழு வழிகாட்டி

சர்க்கரை நோயில் பெரிய சிக்கலே அது வலிக்காது என்பதுதான். பல்வலி வந்தால் இரவோடு இரவாக டாக்டரைத் தேடுகிறோம். ரத்தச் சர்க்கரை மாதக்கணக்கில் 250-ல் நின்றாலும் பலருக்கு உடம்பு வாயைத் திறப்பதில்லை. கொஞ்சம் அசதி இருக்கும், இரவில் இரண்டு தடவை கூடுதலாக எழுந்து போக வேண்டியிருக்கும். வயசாகிறது என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கும்போது வலிக்காது. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகத் தொடங்கும்போதும் வலிக்காது. காலில் நரம்பு மரத்துவிட்டால் முள் குத்தினால்கூடத் தெரியாது. ஆகவே வலி செய்ய வேண்டிய எச்சரிக்கை வேலையை நாமே வகுத்துக்கொண்ட ஒரு தினசரிப் பழக்கம்தான் செய்தாக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். இத்தனை பேரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிற டாக்டரால் முழுதாகக் கவனிக்க முடியாது. மீதி நாட்கள் எல்லாம் நம் கையில்தான்.

இங்கே சொல்வது பெரும்பாலும் டைப் 2 உள்ள பெரியவர்களுக்கு. டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலக்கு எண்களும் மருந்துகளும் மாறும். அவர்கள் டாக்டர் சொல்லும் எண்களையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

"சுகர் எவ்வளவு?" என்று கேட்டால் பலர் போன தடவை லேபில் வந்த ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். அது போதாது. குறைந்தது நான்கு எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 80 முதல் 130 வரை. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குக் கீழே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே. பெரும்பாலானவர்களுக்குப் பொதுவான இலக்குகள் இவை. எழுபது எண்பது வயதில் தனியாக வாழ்பவர், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர், இதய நோய் உள்ளவர் போன்றோருக்கு டாக்டர் வேண்டுமென்றே எச்பிஏ1சி இலக்கைத் தளர்த்தி 8 வரை விடுவார். அது அலட்சியம் இல்லை. அந்த வயதில் சர்க்கரை சற்றுக் கூடுவதைவிடத் திடீரென இறங்கிக் கீழே விழுவதுதான் ஆபத்து.

எச்பிஏ1சி-யை அன்றாட எண்ணாக மாற்றிப் பார்த்தால் புரிவது சுலபம். 6 சதவீதம் என்றால் சராசரியாக 126, 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212, 10 என்றால் 240. வீட்டு மீட்டரில் எப்போதும் 120, 130 என்று வருகிறது, எச்பிஏ1சி மட்டும் 9 என்றால் எங்கோ ஒரு நேரத்தை நீங்கள் அளக்காமல் விடுகிறீர்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டுக்குப் பின்னான நேரம். ஆனால் ஒன்று, ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி-யைக் கூட்டிக் காட்டலாம். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை சகஜம் என்பதால் இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 2: குளுக்கோமீட்டரைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் ரத்தம் எடுத்தால் மீட்டர் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளந்துவிடும். விரல்நுனியின் நடுப்பகுதியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. விரலை மாற்றி மாற்றிக் குத்துங்கள். ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே மூடி வையுங்கள்; ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

லேபில் 162, வீட்டில் 175 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். வீட்டு மீட்டருக்கான சர்வதேசத் தரமே 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. நமக்கு வேண்டியது துல்லியமான ஒரு எண் இல்லை, போக்கு.

எப்போது அளப்பது? இன்சுலின் போடுபவர்களுக்கு டாக்டர் தனி நேரம் சொல்வார். மாத்திரையில் இருப்பவர்களுக்கு ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும், தினமும் நான்கு வேளை அளக்கத் தேவையும் இல்லை. ஜோடியாக அளப்பதே போதும். ஒரு நாள் காலை உணவுக்கு முன், பிறகு இரண்டு மணி நேரம் கழித்து. சில நாள் விட்டு மதிய உணவுக்கு முன்னும் பின்னும். அப்புறம் இரவு. இரண்டு எண்ணுக்கும் இடையே 50-க்கு மேல் ஏறினால் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள். எண்ணை எழுதும்போது பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதுவது அவசியம்: "கல்யாணச் சாப்பாடு", "மாத்திரை மறந்தேன்", "இரவு தூக்கமில்லை" என்று. வெறும் எண் மட்டும் உள்ள நோட்டை வைத்து டாக்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

படி 3: தட்டை மாற்றுங்கள், சமையலை இல்லை

நம் தட்டில் சோறுதான் நடுநாயகம், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. இதைத் தலைகீழாக்குவதுதான் உணவுக் கட்டுப்பாட்டின் முக்கால்வாசி. தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி போன்ற புரதம். மீதிக் கால் பங்கில்தான் சோறோ சப்பாத்தியோ இட்லியோ. உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேப்பங்கிழங்கு ஆகியவை காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும்.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால், அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை குறைவாக ஏறுகிறது. எதையும் விலக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. விருந்து வீட்டில்கூடச் செய்யலாம்.

இப்போது சிறுதானியம். ராகிக்கு மாறிவிட்டேன், இனிக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், ராகியில் சுமார் 67 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது. ராகியின் உண்மையான பலம் அதன் நார்ச்சத்து. அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது, ராகியில் சுமார் 11 கிராம். அதையே நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாகச் செரித்துச் சர்க்கரை சட்டென்று ஏறும். வரகு, சாமை, தினை எதுவானாலும் அளவு அளவுதான். சோறு இரண்டு கரண்டி என்றால் சாமையும் இரண்டு கரண்டிதான்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்கு விலக்கு கிடையாது. பெயரும் நிறமும் வேறே தவிர, ரத்தத்தில் கலந்தபின் எல்லாம் சர்க்கரைதான். "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டில் சர்க்கரை இருக்காது, மைதா இருக்கும். பழம் சாப்பிடலாம்: கொய்யா, பப்பாளி, நாவல், ஆரஞ்சு ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம். மாம்பழம் ஒன்றிரண்டு துண்டு. ஜூஸாக மட்டும் வேண்டாம். நான்கு பழத்தை ஒரே மடக்கில் குடித்துவிடுவோம்.

இன்னொன்று, டீ காபிக் கணக்கு. தினம் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராம் சர்க்கரை. அதை ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

படி 4: சாப்பிட்டதும் உட்காராதீர்கள்

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை என்பது பொதுவான அறிவுரை. காலையில் நேரமில்லாதவர்களுக்கு அதைவிட எளிதான வழி, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் நேரத்திலேயே தசைகள் அதை எடுத்துக்கொள்கின்றன. மொட்டை மாடி போதும், வராந்தாகூடப் போதும்.

நடை மட்டும் பற்றாது. தசைதான் சர்க்கரையைச் செலவழிக்கும் முக்கிய இடம். வயது ஏற ஏற அது கரைகிறது. வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போன்ற பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விழித்திரைப் பாதிப்பு முற்றியவர்கள் கனமான எடை தூக்கக்கூடாது. காலில் புண் இருந்தால் ஆறும்வரை நடைப்பயிற்சி கிடையாது. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், நடக்கும் முன் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

படி 5: எந்த மாத்திரை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளை மாத்திரை, பச்சை மாத்திரை என்று அடையாளம் வைப்பது ஆபத்து. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். சீட்டில் உள்ள பெயரைப் படித்துப் பழகுங்கள்.

மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப் பிரட்டல் குறையும். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அந்த மாத்திரையின் வெற்றுக் கூடு மலத்தில் முழுசாக வரலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருந்தது கரைந்துவிட்டது. பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. கால் எரிச்சல் எல்லாம் சுகரால்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை பி12 பார்த்துவிடுவது நல்லது.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவைதான் மாத்திரைகளில் முக்கியமாகச் சர்க்கரையை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கிவிடக்கூடியவை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடக்கூடாது. சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை தெரியத்தான் செய்யும். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். சிறுநீர் கழித்தபின் தண்ணீர் ஊற்றிக் கழுவி உலர்த்தினால் அந்த வாய்ப்பு குறையும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம், சொல்லிவிடுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டியிருக்கும்.

மருந்து தீர்ந்துபோய் நான்கு நாள் இடைவெளி விழுவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். சர்க்கரையை அடியோடு விரட்டும் என்று விற்கிற பெயர் தெரியாத பொடியை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆசைக்கு பாகற்காய் சாப்பிடுங்கள், நல்ல காய்தான். மருந்துக்குப் பதில் ஆகாது.

படி 6: இன்சுலின் போடுபவர்கள்

இந்தியாவில் கூடுதலாக ஒரு பள்ளம் இருக்கிறது. இங்கே இன்சுலின் இரண்டு அடர்த்தியில் வருகிறது: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால் பாதிகூடப் போகாது. புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் பாட்டிலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் கடையிலேயே ஒத்துப்பாருங்கள். பேனா தீர்ந்துவிட்டது என்று அதன் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது கூடவே கூடாது.

திறக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரீசரை ஒட்டி வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். திறந்ததை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். கோடையில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணலுக்கு நடுவில் வைத்த மண்பானைக்குள் வைப்பது பயனுள்ள ஏற்பாடு. பைக் டேங்க் கவரிலும் நிறுத்தி வைத்த காரிலும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பால்போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி வயிற்றில், அல்லது தொடையின் வெளிப்பக்கத்தில் போடலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் திரளும். வலிக்காது என்பதால் பலர் அங்கேயே விரும்பிக் குத்துகிறார்கள். அந்த இடத்தில் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். பேனாவாக இருந்தால் அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு ஊசியை வெளியே எடுங்கள். பயன்படுத்திய ஊசியைக் குப்பைப் பையில் போடக்கூடாது, தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

படி 7: சர்க்கரை இறங்கினால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தெரிந்தவுடன் அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே செயல்பட வேண்டும். மீட்டர் கையில் இல்லையா? அளக்காமலே தொடங்குங்கள்.

15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ அரை டம்ளர் பழச்சாறாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமும் பாலுமோ சாப்பிடுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: உங்கள் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால், சாதாரணச் சர்க்கரை அந்த நேரத்துக்குக் கைகொடுக்காது. அது செரிப்பதையே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கும். நேரடி குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகளில் வோக்லிபோஸ் அடிக்கடி இருக்கும் என்பதால் அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஒருமுறை ஏறினாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். வயதானவர்களையும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களையும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பதுதான் சரி. அடிக்கடி இறங்கிப் பழகியவர்களுக்கு நடுக்கமும் வியர்வையும்கூட வராமல் போகும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மருந்தளவை மாற்றியே ஆக வேண்டும்.

படி 8: கால்

பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது நினைத்தார்கள். அவர் கண்டது வேறு. நோய் வலியை எடுத்துவிடுகிறது. வலி தெரியாததால் காயமும் தீப்புண்ணும் கவனிக்கப்படாமல் அந்த உறுப்பையே அழிக்கின்றன. மரத்துப்போன பாதத்துக்கு மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பை வேலூரில் உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதித் தருகிறார்களே, அது அங்கிருந்து வந்ததுதான். பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் அவர் இதே பாடத்தைச் சர்க்கரை நோய்க் கால்களுக்கும் கொண்டுபோனார்.

ஆகவே காலைப் பார்ப்பது கண்ணின் வேலை. தினமும் இரவு படுக்கும் முன், நல்ல வெளிச்சத்தில், மேல்பாதம், விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். தேடுவது வெட்டு, கொப்புளம், பித்தவெடிப்பு, நிறமாற்றம், சேற்றுப்புண், நகம் உள்ளே வளர்வது. ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கியிருந்தால் புண் இல்லாவிட்டாலும் சுளுக்கு என்று தைலம் தேய்க்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

கழுவும்போது வெந்நீரைக் காலால் தொட்டுப் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ மாய்சரைசரோ பாதத்தில் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டக்கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் வாங்கிய ஆசிட் பிளாஸ்திரி ஒட்டுவதும் கால் இழப்பில் முடிந்திருக்கின்றன. கால் சில்லிட்டால் வெந்நீர்ப் பையை வைக்காமல் காலுறை போடுங்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். நம் வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. கோயில் பிரகாரத்தின் கருங்கல், சித்திரை வெயிலில் மரத்த காலைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும். அதிகாலையிலோ மாலையிலோ போங்கள், மத்தியானம் என்றால் தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். செருப்பு வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பின்வார் உள்ளதாக, முன்பக்கம் அகலமாக இருக்கட்டும். ஷூவுக்குள் கால் நுழைக்கும் முன் கையை விட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் கல் நாள் முழுக்க உள்ளே கிடந்தாலும் தெரியாதவர்கள் உண்டு. தரையில் படுப்பவர்களுக்கு எலி கடித்துக் காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்த சம்பவங்களும் நடக்கின்றன.

புண் வந்தால் சுத்தத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் மறுநாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். புகை பிடிப்பவர்களுக்கு ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறுவது இரட்டிப்புச் சிரமம்.

படி 9: வாய், தோல்

ஈறில் நோய் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். இரண்டு வேளை பல் துலக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளை உலர்வாக வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு அதிகம்.

படி 10: காய்ச்சல் நாட்களும் விரத நாட்களும்

காய்ச்சலில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் இன்சுலினும் வேண்டாம் என்று நிறுத்துவது மிகவும் ஆபத்தான தவறு. சாப்பிடாவிட்டாலும் நோயின் அழுத்தத்தில் சர்க்கரை ஏறும். டைப் 1 உள்ளவர்கள் எக்காரணத்தாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக்கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, கஞ்சி, ரசம், உப்புப் போட்ட மோர் என்று அடிக்கடி குடியுங்கள். வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மினையும் டாபாக்ளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் குத்தி அளப்பது விரதத்தைக் கெடுக்காது. 70-க்குக் கீழே போனால் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 11: வருடத்துக்கு ஒருமுறை

பிறந்தநாள் மாதத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டால் மறக்காது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை. கண்ணாடிக் கடையில் எழுத்து படிப்பது இதற்கு ஈடாகாது. டைப் 2 என்றால் நோய் தெரிந்த வருடமே முதல் பரிசோதனை. சொட்டு விட்டபின் சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், 30-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின், கொழுப்பு. நைலான் இழையால் பாத உணர்ச்சிப் பரிசோதனை. எச்பிஏ1சி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஃபுளூ தடுப்பூசியும் வருடாந்திரக் கணக்கில் வரும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"அதைத் தொடாதே, இதைத் தின்னாதே" என்று போலீஸ் வேலை பார்த்தால் நோயாளி ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவார், நோட்டில் பொய் எண் எழுதுவார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே தட்டு முறையை வைத்தால் கண்காணிப்பே தேவையில்லை. வருடக்கணக்கில் இதையே செய்யும் சலிப்பு நிஜமானது. மாத்திரையும் அளவையும் கைவிடத் தோன்றும் அளவுக்குச் சோர்வு வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம்; மனச்சோர்வு சர்க்கரை நோயோடு சேர்ந்தே வருவது சகஜம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

விடாத வாந்தி, 300-க்கு மேல் ஏறி இறங்காத சர்க்கரை, பழவாசனையோடு வேகமான மூச்சு, மயக்கம், கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் அல்லது திரை விழுந்ததுபோல் மங்கல், சீழ், துர்நாற்றம், கருமை உள்ள கால் புண். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. அப்புறம் மாரடைப்பு. சர்க்கரை நோயாளிக்கு அது நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, திடீர்த் தளர்ச்சி, வாயுத் தொல்லை மாதிரி நெஞ்சடைப்பு வந்தால் சர்க்கரையை அளப்பதற்காகத் தாமதிக்காதீர்கள். எண் எதுவாக இருந்தாலும் சோடா குடித்துப் பார்க்க வேண்டாம், நேராக ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.